லான்யன் கப்பலின் மூன்று குரல்கள்

"பாம்ம்ம்...!"

காதருகே அலறிய அந்தச் சத்தத்தில் தாம்சினின் கையிலிருந்த, கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி துள்ளிப் பூங்காக் குளத்தில் விழுந்தது. பாதிகூடத் தின்னவில்லை. வாத்துகளுக்கு அன்று நல்ல வேட்டை.

கோபத்தோடு திரும்பினாள். கரையோரம் நான்கடி நீளத்தில் ஒரு சாம்பல் நிறப் போர்க்கப்பல் மிதந்துகொண்டிருந்தது. அதை இயக்கும் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி, தூறலில் நனைந்த தலையோடு ஒருவன் நின்றிருந்தான். திட்டத்தான் வாயைத் திறந்தாள்... அதற்குள் அவன் கண்களைப் பார்த்துவிட்டாள். மழைக்கு முந்தைய பிளிமத் கடலின் நிறம் அந்தக் கண்களுக்கு. அழகுதான். அதற்காகப் பேஸ்டியை மறந்துவிட முடியுமா?

"ஏங்க, போர்க்கப்பலுக்குப் போய் பிரான்ஸ்ல இருந்து கார் ஏத்திட்டு வர்ற கப்பலோட ஹாரனை மாட்டி வெச்சிருக்கீங்க?"

"என்னது? இது அசல் போர்க்கப்பல் சத்தங்க. இணையத்துல அப்படித்தான் போட்டிருந்தான்."

"நல்லா ஏமாந்திருக்கீங்க. நான் ஆத்து ஃபெர்ரியில வேலை பாக்கறேன். அந்தக் கப்பலுக்கு வழி விட்டு வழி விட்டே என் பாதி ஆயுசு போச்சு. அது சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவன் முகம் தொங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. பெயர் டென்ஸிலாம். கப்பல் துறையில் எலக்ட்ரீஷியன். நாற்பது வருடம் முன்பு உடைத்துப் போட்ட லான்யன் என்ற போர்க்கப்பலின் மாதிரியை, ஆணி ஆணியாக, மூன்று வருடம் உட்கார்ந்து செய்திருக்கிறான்.

"அதுல வேலை பாத்தவங்க பதினோரு பேர் சனிக்கிழமை இங்க வராங்க. 'வாங்க, உங்க கப்பல் கூப்பிடறதைக் கேக்கலாம்'னு வாயை விட்டுட்டேன். அந்த ஹாரனை யாருமே பதிவு பண்ணி வெக்கல..."

"காதால கேட்டவங்க இருக்காங்கல்ல? முனகிக் காட்டச் சொல்லுங்க. நான் பேண்டுல டியூபா, அந்தப் பெரிய பித்தளைக் குழல், ஊதறேன். ஸ்ருதியைப் பிடிச்சுத் தரேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரென்றே தெரியாதவனுக்கு இத்தனை உபகாரமா? அவன் சிரித்தான். சரி... இருந்துவிட்டுப் போகட்டும்.

செவ்வாய்க்கிழமை, துறைமுகத்தை ஒட்டிய பப்பில் அந்தப் பதினோரு பேரில் மூன்று பேரைப் பிடித்தார்கள். சைகை விளக்குப் பார்த்த பெர்ரன், சமையலறையில் இருந்த ஓஸி, கொதிகலன் அறையில் வெந்த ஜாகோ.

பெர்ரன் முனகினார். கூர்மையான, உயர்ந்த குரல்.

"அது உன் பொண்டாட்டி கூப்பிடற சத்தம்டா!" ஓஸி கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இறக்கி முனகினார்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கடா!" ஜாகோ கத்தினார். அவர் முனகியபோது மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குவளை அதிர்ந்தது.

மூன்று பேரும் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடிக்காத குறை. தாம்சின் மட்டும் மூன்று ஸ்ருதியையும் எழுதி வைத்துக்கொண்டு, அதையே உற்றுப் பார்த்தாள்.

"மூணுமே சரியா இருக்கும் டென்ஸில்."

"எப்படி? கப்பல் ஒண்ணு, ஹாரன் ஒண்ணு. பெர்ரன் மேல்தளத்துல, ஹாரன் பக்கத்துலயே நின்னவர். அவர் சொல்றதுதான் சரி."

"இல்ல, கொஞ்சம் கேளு..."

"எல்லாத்தையும் கணக்குப் போட்டுச் செஞ்சவன் நான். ஃபெர்ரியில கார் நிறுத்த இடம் காட்டறவங்க எனக்குச் சொல்லித் தர வேண்டாம்!"

பப்பே திரும்பிப் பார்த்தது. தாம்சினுக்குக் காது சூடேறியது. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மழை நல்லவேளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் வழிவது எதுவென்று யாருக்கும் தெரியாது.

வியாழன் காலை அவன் ஃபெர்ரியில் ஏறினான். அக்கரை போனதும் இறங்கவில்லை. திரும்பி வந்தான். மறுபடி போனான். நான்காவது முறை தாம்சினுக்குப் பொறுக்கவில்லை.

"ஃபெர்ரியை வாடகைக்கு எடுத்திருக்கியா?"

"பெர்ரன் சொன்ன ஸ்ருதியைப் போட்டு அவருக்கே காட்டினேன். 'சரியாத்தான் இருக்கு தம்பி... ஆனா இது அவ இல்லையே, நம்ம லான்யன் இல்லையே'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்." அவன் குரல் இறங்கியது. "என் தப்பு. ஹாரனும் தப்பு. அன்னிக்குப் பேசினதும் தப்பு. என்னைத் திட்டணும்னா திட்டு. பேசாம மட்டும் இருக்காத."

அவள் திட்டித்தான் தீர்த்தாள். இக்கரை வரும்வரை திட்டினாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"ஒரே ஹாரன்ல மூணு குழல் இருந்திருக்கும்டா, மக்கு! மூணும் ஒண்ணா ஊதும். கூர்மையானது மேல்தளத்துக்கு நல்லாக் கேக்கும். அடிக்குரல் மட்டும்தான் இரும்பு வழியா கொதிகலன் அறைக்கு இறங்கும். அவங்கவங்க நின்ன இடத்துல கேட்டதை அவங்கவங்க சொன்னாங்க."

டென்ஸில் வாயைப் பிளந்து நின்றான். பிறகு தன் தலையில் தானே ஒன்று போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம், கார்கள் இறங்கிப்போன காலி ஃபெர்ரியின் இரும்புத் தளத்தில், தாம்சினும் அவளுடைய பேண்டு நண்பர்கள் இருவரும் மூன்று வாத்தியங்களை ஊதினார்கள். இரும்புச் சுவர்கள் சத்தத்தை வாங்கி உருட்டித் தந்தன. டென்ஸில் பதிவு செய்தான். ஒலிபெருக்கியை மாதிரிக் கப்பலின் அடிவயிற்றில் கவிழ்த்துப் பொருத்தினான், முழு உடலும் சேர்ந்து முழங்கட்டும் என்று.

சனிக்கிழமை. வானம் வெளுத்திருந்தது. பதினோரு கிழவர்கள் கம்பிவேலியைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். லான்யன் குளத்தின் நடுவே திரும்பி, அவர்களை நோக்கி வந்தது. டென்ஸில் ரிமோட்டின் பொத்தானில் விரலை வைத்தான்.

அழுத்தினான்.

குளமே அதிர்ந்தது. மூன்று குரலும் ஒன்றாய், ஆழமாய், முரட்டுத்தனமாய், மரங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தன. வாத்துகள் ஒன்றுவிடாமல் பறந்தன. பெர்ரன் தொப்பியைக் கழற்றினார். ஓஸி குழந்தைபோல் விசித்தார். ஜாகோ வேலிக்கம்பியில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு, "அவதான்டா! அவளேதான்!" என்று கூவினார். பதினோரு பேரும் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் ஓடி வந்தார்கள்.

"எப்படிடா பிடிச்ச?" என்றார் பெர்ரன்.

டென்ஸில் தாம்சினைப் பார்த்தான். "நான் பிடிக்கல. இவதான் பிடிச்சா. உங்க எல்லார் முன்னாடியும் இவளை மட்டமாப் பேசினேன். உங்க முன்னாடியே மன்னிப்புக் கேக்கறேன். இன்னொண்ணும் சொல்லணும்..." அவன் காது மடல் சிவந்தது. "பேஸ்டியைக் குளத்துல போட்டுட்டு என்னை முறைச்சா பாருங்க... அந்த நிமிஷத்துல இருந்து இவளை எனக்கு அவ்வளவு பிடிக்குது."

தாம்சின் அவன் பக்கத்தில் போனாள். மெல்ல, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"என்னடா சொல்றான் பையன்?" ஜாகோ கையைக் காதில் குவித்தார். கொதிகலன் அறை அவர் காதை என்றோ தின்றுவிட்டிருந்தது.

"அவளைக் காதலிக்கிறானாம்!" பெர்ரன் குளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

தாம்சின் கிழவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். டியூபா ஊதும் நெஞ்சில் முழு மூச்சையும் இழுத்தாள். அவர் காதோரம் குனிந்து, குளத்தின் அக்கரையில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"நானும்தான்னு சொன்னேன்!"