கீழ்த்தெருவின் கடைசி வீடு

அந்தப் புகை வாசனை எங்கிருந்து வருகிறது என்று ரயீசாவுக்குத் தெரியவில்லை. வெரெய்ஸ்க் நகர மன்றக் கட்டடத்தில் அடுப்பே கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்பே எல்லாவற்றையும் இடித்துவிட்டு அறைகளைச் சூடாக்க வெந்நீர்க் குழாய் போட்டாயிற்று. ஆனாலும் அந்த மார்ச் மாத மத்தியானத்தில், ஜன்னல்கள் இறுக மூடியிருந்த ஆவண அறைக்குள், பசையும் தூசியும் மக்கிய காகிதமும் கலந்து எப்போதும் அடிக்கிற நெடிக்கு அடியில், ஈரமான பிர்ச் விறகு எரியும் வாசனை மெல்ல மெல்ல ஊறி வந்துகொண்டிருந்தது.

"நெல்லி, ஏதாவது கருகுதா பாரு."

தட்டச்சு செய்யும் நெல்லி மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணும் இல்லையே, ரயீசா ஃபோமினிச்னா. உங்க மூளைதான் கருகுது. காலைலேர்ந்து அந்த ஒரே பக்கத்தையே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

உண்மைதான். ஊருக்கு முந்நூற்றைம்பது வயது ஆகிறது. ஊர் வரலாறும் நிர்வாகமும் என்று ஒரு புத்தகம் போட மன்றத் தலைவர் கெர்மன் லுக்கிச் முடிவு செய்து, எழுதும் வேலையை ரயீசாவிடம் கொடுத்திருந்தார். முப்பது வருஷமாக மன்றச் செயலாளர். அவளைவிட யாருக்குத் தெரியும்? கோட்டை கட்டியது, தீப்பிடித்தது, தோல் பதனிடும் பட்டறைகள், படகுத்துறை எல்லாம் கடகடவென்று எழுதிவிட்டாள். 1955 வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அந்த வருஷம்தான் காமா நதியில் கீழே அணை கட்டி முடித்தார்கள். தண்ணீர் ஏறும், கீழ்த்தெரு முழுகும். வீடு வீடாகப் போய், யாரும் இல்லை என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை இருபத்தாறு வயது ரயீசாவுக்கு வந்தது. தெருவில் பதினொரு வீடு. பத்தைப் பார்த்துவிட்டாள். கடைசி வீட்டுக்குப் போகிற சந்தில் பனி உருகி, முழங்கால் வரை சேறு. அவள் காலில் செக் நாட்டுக் காலணி, புதுசு. சாயங்காலம் மன்றத்தில் நடனம். சந்து முனையில் நின்று பார்த்தாள். கடைசி வீட்டின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

'பதினொரு வீடுகளும் காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வீட்டில் உஸ்தீன்யா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அவளுடைய தம்பி யெவ்சேய் வண்டி கொண்டுவர அக்கரைக்குப் போனவன், ஆற்றுப் பனி உடைந்து நாலு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டான். திரும்பி வந்தபோது தெரு இல்லை, தண்ணீர்தான். நேராக மன்றத்துக்கு ஓடி வந்தான். ரயீசா காகிதத்தைப் பார்த்தாள். காகிதத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எந்த ஊருன்னு இதுல போடல."

அவன் நம்பினான். தொப்பியைக் கழற்றி, நன்றி சொல்லிவிட்டுப் போனான். இருபத்திரண்டு வருஷம் ஊனமுற்றோர் விடுதி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினான். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு மனு வரும்: அக்காவை எங்கே சேர்த்தீர்கள் என்று தயவுசெய்து தெரிவிக்கவும். ஒவ்வொரு மனுவுக்கும் ரயீசா பதில் போட்டாள்: ஆவணப்படி குடிபெயர்க்கப்பட்டார். ஒரு தடவை அவன், "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்கறேன்மா" என்று சொல்லி, உப்புப் போட்ட மீன் நாலு, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் காது வரை எரிந்தது.

ஆறு வருஷமாக மனு வரவில்லை. யெவ்சேய் செத்துப்போய்விட்டான்.

வாசனை தொண்டையில் இறங்கியது. ரயீசா சட்டென்று பேனாவை எடுத்து ஒரே மூச்சில் எழுதினாள்: 'கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவளை யாரும் வெளியே கொண்டுவரவில்லை.' மை காய்வதற்குள் தலைவரின் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கெர்மன் லுக்கிச் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன இது?"

"நடந்தது. நான்தான்..."

"நீங்கதான், நீங்கதான்! யாரு கேட்டா இப்ப? மாகாணத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க, பாண்டு வாத்தியம் வருது, நீங்க பொணத்தைத் தூக்கிட்டு வர்றீங்க." குரலைத் தணித்தார். "அடுத்த வருஷம் ஓய்வு. நிம்மதியா வீட்டுக்குப் போக வேண்டாமா? போங்க, நல்லா ஒரு வரி எழுதிக் கொண்டாங்க."

அவள் மறுத்திருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தாள். "சரிங்க" என்றுதான் வந்தது.

திரும்பி வந்து காகிதத்தைக் கிழித்தாள். 'கீழ்த்தெரு மக்கள் அனைவரும் பத்திரமாகக் குடிபெயர்க்கப்பட்டனர்.' அதே கையெழுத்து. அன்று எழுதியதைவிட அழகாகவே விழுந்தது. நெல்லி அதை வாங்கித் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தும் மண்டையில் அறைந்தது.

ரயீசா ஜன்னலைத் திறந்தாள். கீழே உறைந்த நீர்ப்பரப்பு, மங்கிய வெயிலில் வெள்ளையாக, ஒரு ஆள் இல்லாமல். அதன் நடுவிலிருந்து மெல்லிசாக, நேராக, ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது.

மீன் பிடிக்கிறவர்கள் யாராவது மூட்டியிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அவளுக்குத் தெரியும். அந்த இடம் எந்த இடம் என்று அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் அளந்து சொல்லத் தெரியும்.

கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு இறங்கினாள். கரை. பிறகு பனிக்கட்டி. காலடியில் எங்கோ ஆழத்தில் முனகல். வசந்தம் நெருங்கினால் பனி அப்படித்தான் முனகும். நடந்தாள். கிட்டப் போகப் போகப் புகை தெரியவில்லை. தீயும் இல்லை. சாம்பலும் இல்லை. பனியில் ஒரு சதுரம் மட்டும். ஜன்னல் அளவு. வெண்பனி இல்லாமல், கண்ணாடி மாதிரி.

மண்டியிட்டாள்.

கீழே வெளிச்சம். மஞ்சள் வெளிச்சம்.

ஒரு உள்ளங்கை, அந்தப் பக்கத்திலிருந்து, ஆவி படிந்த கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்தது.

கட்டில். போர்வை. உஸ்தீன்யா. ஒரு நாள்கூட வயதாகவில்லை. ரயீசாவைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அப்பாடா, வந்துவிட்டார்கள் என்கிற முகம். இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள், தூக்கச் சொல்லும் குழந்தை மாதிரி.

ரயீசா திரும்பிக் கரையைப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை.

இரண்டு கைகளாலும் பனியை அள்ளினாள். சதுரத்தின் மேல் போட்டாள். இன்னும் அள்ளினாள். அழுதாள். அள்ளினாள். வெளிச்சம் மறைந்தது. எழுந்து கரையை நோக்கி நடந்தாள்.

முதல் அடி. பாதத்துக்கு அடியில் பனி தெளிந்தது. கண்ணாடியாக. கீழே அந்த முகம். நீட்டிய கைகள்.

அடுத்த அடி. அங்கேயும்.

ஓடினாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சதுரம். ஒவ்வொரு சதுரத்திலும் அதே நம்பிக்கை. கரை வந்தது. மண். சேறு. மூச்சு வாங்க நின்றாள்.

குனிந்து பார்த்தாள்.

காலடிச் சேற்று நீர் மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து, விரல்களை விரித்தபடி, இரண்டு கைகள்.