பாவசங்கீர்த்தனத் தொட்டி

மரியராஜும் உபதேசியார் அருளப்பனும் தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்துப் பழைய கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தாது வருசப் பஞ்சத்தில், வாந்திபேதியில் பங்குச் சாமியார் செத்த அன்று சாத்திய மாதா கோவில். பதினாறு வருசமாகப் பூசை இல்லை. இடித்துவிடலாமா என்று முடிவு செய்ய பிஷப்பாகிய மேற்றிராணியார் படம் கேட்டிருந்தார். மதுரையிலிருந்து படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மரியராஜுக்கு, தனியாகக் கிடைத்த முதல் வேலை இது. கெடுத்தால் முதலாளி சும்மா விடமாட்டார்.

உள்ளே ஒரே வௌவால் நாற்றம். பீடத்தைப் படம் பிடித்தான். அடுத்து கண்ணாடித் தகட்டை மாற்ற வேண்டும். துளி வெளிச்சம் பட்டாலும் பிடித்ததெல்லாம் பாழ். பாதிக் கூரை இல்லாத இடத்தில் இருட்டுக்கு எங்கே போவது? சனங்கள் தங்கள் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைச் சாமியார் உட்கார்ந்து கேட்கும் மரத்தொட்டி ஒன்றுதான் கண்ணில் பட்டது. உள்ளே புகுந்து, பக்கவாட்டில், பாவம் சொல்பவரின் குரல் வரும் வலைச்சட்டத்தைக் கறுப்புத் துணியால் அடைத்தான்.

"கதவு தானாத் தொறந்துக்கிருது உபதேசியாரே. வெளிய கொண்டியப் போடுங்க. தட்டுனாத் தொறந்தாப் போதும்."

"சாமியாரு ஒக்கார்ற எடம்ப்பா அது," என்று அருளப்பன் தயங்கினார். பிறகு கொண்டியைப் போட்டார். "வண்டி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துர்றேன்."

தகட்டை மாற்றியாயிற்று. மரியராஜ் கதவைத் தட்டினான்.

பதிலுக்கு ஒரு தட்டல் கேட்டது.

கதவில் இல்லை. வலைச்சட்டத்தில்.

"உபதேசியாரே, வெளையாடாதீக."

யாரோ முழங்காலிடும் சத்தம். கூடவே ஈரமண் வாடை.

"என்னை ஆசீர்வதியும் சாமி. நான் பாவி." கிசுகிசுப்பான பெண்குரல். "பேதி கண்ட எம்மகளப் பொதச்சுட்டேன் சாமி. உசுரு இருந்துச்சு. குழிக்குள்ள இருந்து ஆத்தான்னு கூப்புட்டுச்சு. மண்ணத் தள்ளிட்டு ஓடியாந்துட்டேன்."

மரியராஜ் தோளால் கதவை இடித்தான். தேக்குக் கதவு அசையவில்லை. எங்கோ தூரத்தில் அருளப்பன் மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. இவன் போட்ட கூச்சல்தான் அவருக்குக் கேட்கவில்லை.

"நான் சாமியார் இல்லம்மா. படம் பிடிக்க வந்தவன்."

"சாமியாரு இல்லாமயா அங்கன ஒக்காந்திருக்கீக? மன்னிப்புக் குடுங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

குருப்பட்டம் பெறாதவன் பாவமன்னிப்புக் கொடுப்பது எத்தனை பெரிய பாவம் என்று அவனுக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம். ஆனால் வெளியே போக வேண்டும். அப்போது வேறெதுவும் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இருட்டில் கையால் சிலுவை வரைந்தான்.

"உன் பாவத்தை மன்னிக்கிறேன். சமாதானமாய்ப் போ."

அழுகை நின்றது. காலடி தள்ளிப் போய் மறைந்தது.

கொண்டி நகர்ந்தது.

மரியராஜ் அழுதேவிட்டான். கதவைத் தள்ளினான். விரற்கடை அளவு வெளிச்சம் தெரிந்தது.

வெளியிலிருந்து யாரோ கதவைச் சாத்தினார்கள். கொண்டி மறுபடி விழுந்தது.

கதவுக்கு அப்பால், அவன் முழங்கால் உயரத்தில், ஒரு சின்னக் குரல்.

"சாமி, இப்ப வந்துட்டுப் போனது எங்க ஆத்தாதான?"

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை, உயிரே போனாலும் சாமியார் வெளியே சொல்லக்கூடாது. மரியராஜ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்னயப் பத்தி என்ன சொல்லுச்சு சாமி? சொல்லுங்க. தொறந்துவிடுறேன்."