வேப்பிலை வீட்டு அண்ணா

"அவளை உள்ளே தள்ளணும் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஸ்டேஷன்லே கேப்பா" என்றான் சேகரன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றான்.

கணபதிராமன் பேப்பரை மடித்து வைத்தார். ரயில்வே போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாதவகிரியில் அவர் வீட்டுக்கு இப்படிக் கொதித்துக்கொண்டு வருகிறவர்கள் புதிதல்ல. எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த சாம்புதான் பரபரப்பாக நிமிர்ந்தான். பகலில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலமானால் கணபதிராமனின் நிழல்.

சேகரன் கொட்டித் தீர்த்தான். அவனுடைய நாலு வயதுப் பிள்ளை பாச்சு பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். உடம்பெல்லாம் கொப்புளம், மூச்சு இரைக்கிறது. பெரியம்மை நாட்டைவிட்டே ஒழிந்தாயிற்று. இது வெறும் சின்னம்மை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வந்து போவதுதான். ஆனால் சேகரனின் மூத்த பிள்ளை இதே சின்னம்மையில் செத்துப்போனான். அன்றிலிருந்து பாச்சுவை வாசல் தாண்ட விட்டதில்லை.

"வீட்டோட இருந்த குழந்தைக்கு அம்மையைக் கொண்டுவந்தது வேலைக்காரி சித்தம்மா. அவ தெருவிலே இப்போ வீட்டுக்கு வீடு அம்மை. மாதேஸ்வரன் மலைக்கு வேண்டுதல்னு போயிட்டு மூணு வாரம் கழிச்சு வந்தா. வந்த மறுநாளே குழந்தைக்கு ஜுரம். போதாததுக்கு அவன் உடம்பிலே நீலநீலமா அடிச்ச தழும்பு வேற! ரெண்டு அறை விட்டு ஸ்டேஷன்லே ஒப்படைச்சேன். சாட்சி இல்லேன்னு விட்டுடுவா போல இருக்கு."

கணபதிராமன் சட்டையை மாட்டிக்கொண்டார். "முதல்லே குழந்தையைப் பார்க்கலாம்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் சேகரனின் அக்கா திரிபுரசுந்தரி உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்தபின் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள். வந்தவர்கள் யாரென்று தெரிந்தும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"வேலைக்காரியைச் சொல்லி என்ன? இவ ராசி அப்படி. ஆம்பளைப் பிள்ளை தங்காது. மூணு போச்சு, இது நாலாவது. அன்னிக்கே இவளைத் தள்ளிவச்சுட்டு வேற பெண்ணைப் பாருடான்னேன். பாச்சு இருக்கிறவரைக்கும் அந்தப் பேச்சே எடுக்காதேன்னுட்டான்."

கட்டிலருகே நின்ற சேகரனின் மனைவி கனகலக்ஷ்மி காதில் விழாதவள் போல் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். துணியில் ரத்தம். குழந்தையின் முழங்கை மடிப்பில் பழைய கரப்பான் புண் வறண்டு கிடந்தது. தொடையில் நீலத் திட்டுகள்.

"வேப்பிலை வீட்டு அண்ணாகிட்டே போலாம்மா" என்று முனகினான் பாச்சு.

"ஜுரத்திலே உளர்றான். எங்காத்துப் பக்கம் வேப்பமரமே கிடையாது" என்றாள் கனகலக்ஷ்மி.

"இந்த நீலம் சித்தம்மா ஊரிலே இல்லாதபோதும் வந்திருக்கா அம்மா?" என்று கேட்டார் கணபதிராமன்.

"வந்திருக்கே. கட்டில் கால் லேசா இடிச்சாலும் வந்துடும்."

"இதை உங்காத்துக்காரர்கிட்டே சொல்லலியா?"

"என்னை யார் கேட்டா?"

கணபதிராமன் சேகரனை மருந்து வாங்க அனுப்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்க பிறந்தகத்திலே கூடப் பிறந்த ஆண்கள் உண்டா?"

அவள் வராந்தாப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "கொள்ளேகால்லே ரெண்டு தம்பி இருந்தா. ரெண்டு பேருக்கும் இதே கரப்பான், இதே நீலம். அம்மையிலேயே போயிட்டா. எனக்கும் அக்காவுக்கும் அதே அம்மை வந்து ஒண்ணும் பண்ணலே. கல்யாணம் நின்னுடும்னு அப்பா மறைச்சுட்டார். இவருக்கே தெரியாது."

அவர் அவளை நேரே டாக்டரிடம் அழைத்துப்போய், அதையே இன்னொரு முறை சொல்லச் சொன்னார். டாக்டர் வெகு நேரம் கேள்வி கேட்டார். பிறகு எழுந்தே விட்டார். அம்மை வந்து தேறியவர் ஒருவரின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து இவனுக்கு ஏற்ற வேண்டும், உடனே என்றார்.

வெளியே வந்ததும் கணபதிராமன் சாம்புவின் தோளைத் தொட்டார். "அவா வீட்டிலேர்ந்து குழந்தையை நடத்திக் கூட்டிண்டு போகிற தூரத்துக்குள்ளே, ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வாசல்லே வேப்பிலை செருகியிருந்த வீடு எது? கண்டுபிடி."

சாம்பு, சேகரன் குடியிருந்த ஒண்டிக்கொப்பல் பேட்டை முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தான். சில வீடுகளில் முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மட்டும் கமலம்மாள் என்பவள் உள்ளே வரச் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டதும் சாம்பு நேரே கணபதிராமன் வீட்டுக்கு ஓடினான்.

மறுநாள் சாயங்காலம் சேகரன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கெம்பையன் சித்தம்மாவையும் அழைத்து வந்திருந்தார். அவள் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"இவ எதுக்கு என் வீட்டுக்குள்ளே?" என்று சீறினான் சேகரன்.

"உட்காருங்கோ" என்றார் கணபதிராமன். "அம்மை ஒட்டின அன்னிக்கே ஜுரம் வராது. உள்ளே போய் ரெண்டு வாரமாவது பதுங்கியிருந்துதான் வெளியே தெரியும். குழந்தைக்கு ஒட்டினபோது சித்தம்மா மலையிலே இருந்தா. அவ திரும்பி வந்த மறுநாள் ஜுரம் வந்தது தற்செயல்."

"அப்போ அந்தத் தழும்பு?"

"அடி இல்லை. உங்க பிள்ளைக்கு ரத்தம் உறையறதிலே குறை. லேசா இடிச்சாலும் நீலம் கட்டும், மூக்கிலே ரத்தம் வரும். அதே குறைக்கு இன்னொரு முகம் கரப்பான். மூணாவது முகம்தான் பொல்லாதது. வைரஸ் கிருமியை எதிர்க்கிற சக்தியே அவன் உடம்பிலே பிறவியிலேர்ந்து சரியா அமையலே. மத்தப் பிள்ளைகளுக்கு அரிச்சுட்டுப் போற சின்னம்மை இவனுக்கு எமன். இது பரம்பரையா வர்றது. பெண்கள் வழியா இறங்கும். அவாளை ஒண்ணும் பண்ணாது. அவா பெறுகிற பிள்ளைகள்லே சிலரைப் பிடிக்கும், சிலரை விடும்."

"சொன்னேனே! இவ ரத்தம்தான்!" என்று திரிபுரசுந்தரி கையை நீட்டினாள்.

"சொன்னேள். மூணு போச்சுன்னு சொன்னேள்." கணபதிராமனின் குரல் உயரவில்லை. "இந்த வீட்டிலே போனது ஒரு பிள்ளைதான். பாக்கி ரெண்டு யார்?"

சேகரன் ஒன்றும் புரியாமல் மனைவியைப் பார்த்தான்.

"என் தம்பிகள்" என்றாள் கனகலக்ஷ்மி. "உங்ககிட்டே சொல்லாதது தப்புதான். ஆனா உங்க அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"சாம்பு, சொல்லு."

சாம்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "கமலம்மாளுக்குக் கொள்ளேகால்தான் பிறந்த ஊர். தம்பிகள் சமாசாரத்தை உங்க அக்காகிட்டே சொன்னது அவங்கதான். போன மாசம் அவங்க பையனுக்கு அம்மை போட்டிருந்தது. நீங்க ரெண்டு பேரும் நஞ்சன்கூட்டுக்குக் கல்யாணத்துக்குப் போன அன்னிக்கு இவா பாச்சுவைக் கூட்டிண்டு போயிருக்கா. கமலம்மாள் வாசல்லேயே தடுத்தாளாம். இவாதான் இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே வந்து போயாச்சுன்னு சொல்லிட்டு, நோயாளிப் பையனோட படுக்கையிலேயே உட்கார வச்சு விளையாட விட்டாளாம்."

திரிபுரசுந்தரி அழவில்லை. தம்பியை நேராகப் பார்த்தாள். "எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதானேடா. நான் என்ன, விஷமா வச்சேன்? சின்னம்மை வந்ததுக்கு எந்தக் கோர்ட்டிலே கேஸ் போடுவா?"

"தண்டனைச் சட்டத்திலே இருநூத்தி எழுபதுன்னு ஒரு பிரிவு இருக்கு" என்றார் கணபதிராமன். "உயிருக்கு ஆபத்தான தொற்றைத் தெரிஞ்சே பரப்பறது. அதுக்கு மேலே கொலை முயற்சியான்னு கோர்ட்டு தீர்மானிக்கட்டும். ஊருக்கு அது சின்னம்மை. இந்தக் குழந்தைக்கு அது விஷம்னு தெரிஞ்சுண்டுதான் கூட்டிண்டு போனேள். இவன் போயிட்டாத் தம்பிக்கு வேற பெண்ணைப் பார்க்கலாம்னு."

கெம்பையன் சேகரனைப் பார்த்தார். "புகார் யார் கொடுக்கறீங்க?"

சேகரன் தரையைப் பார்த்தான். அக்காவின் பெயரைச் சொல்ல அவன் வாய் திறக்கவே இல்லை.

"நான் கொடுக்கறேன்" என்றாள் கனகலக்ஷ்மி.

திரிபுரசுந்தரியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போதும் அவள் கனகலக்ஷ்மியைப் பார்த்துக் கறுவினாள். "உன் பிள்ளை பிழைச்சாலும் அடுத்த அம்மைக்குத் தாங்காதுடீ." அந்த ஒன்று மட்டும் பொய்யில்லை என்று சாம்புவுக்கு உறைத்தது. ஆனாலும் ரத்த நீர் ஏற்றியதில் அன்று காலையில் மூச்சிரைப்பு தணிந்து, பாச்சு கஞ்சி கேட்டிருந்தான்.

சேகரன் சித்தம்மாவின் முன்னே வந்து கை கூப்பினான். "தப்புப் பண்ணிட்டேன்."

அவள் அவனைத் தாண்டி நடந்து கனகலக்ஷ்மியிடம் போனாள். "மகு ஹேகிதே அம்மா? பாப்பா எப்படி இருக்கு?"

"பிழைச்சுண்டான். நாளைக்கு வருவியா, சித்தம்மா?"

சித்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பாப்பாவை ஆஸ்பத்திரியிலே வந்து பார்த்துக்கறேன். இந்த வீட்டுப் படி மட்டும் இனிமே மிதிக்க மாட்டேன்."

"நானும்தான்" என்றாள் கனகலக்ஷ்மி. செருப்பை மாட்டிக்கொண்டு, கணவனைத் திரும்பியும் பார்க்காமல், அவளோடு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.