மேலே ஆள் உண்டா

அன்று மாலை கோட்டையில் இருந்தவர்கள்:

வீரபாண்டி. ருவைஸ் ரிஃபைனரியில் ஒப்பந்த வேலை. சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். மறுநாள் காலை ஊருக்கு விமானம்.

உஸைர். கீழக்கரைக்காரர். ஷார்ஜா முவைலாவில் சைக்கிள் கடை.

ராஜிக். கோட்டைக் காவலாளி. இலங்கை, காத்தான்குடி.

மணிமாறன். நான்தான்.

போலீஸில் ஒவ்வொரு முறையும் கடைசியாக "வேறு யார்?" என்று கேட்கிறார்கள். வேறு யாரும் இல்லை என்று சொல்கிறேன். பெயர் தெரியாத ஆளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

உஸைர் பாய்க்குக் கோட்டைப் பைத்தியம் பிடித்தது ஒரு ஹாலந்துக்காரரால். அவர் கடைக்கு வாடிக்கையாக வருபவர். வேலை முடிந்து ஊர் திரும்பியபோது தன் வீட்டுச் சைக்கிள்களை எல்லாம் பாயிடம் விட்டுவிட்டுப் போனார். அவர் ஊரில் விடுமுறை என்றால் கோட்டை கோட்டையாகச் சைக்கிளில் போய்ப் பார்ப்பார்களாம். படம் காட்டினார். அகழி, அதில் அன்னம், செங்கல் சுவர். அதற்குப் பிறகு பாய் வெள்ளிக்கிழமைதோறும் சைக்கிள்களைப் பிக்கப்பில் ஏற்றி, ராஸ் அல் கைமா, புஜைரா என்று எங்கே மண்கோட்டை இருந்தாலும் கிளம்பிவிடுவார். அவர் கடையில் வேலை செய்வதால் நானும் போவேன். எனக்குக் கோட்டையும் ஒன்றுதான், குட்டிச்சுவரும் ஒன்றுதான்.

வீரபாண்டி என் அறையில் தங்கியிருந்தான். அவன் மகள் பிறந்தபோது அவன் ருவைஸில் இருந்தான். அவள் நடக்கத் தொடங்கியபோதும் ருவைஸில்தான். நாளைதான் முதல் முறையாகத் தூக்கப் போகிறான். அறையில் உட்கார முடியாமல் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தவனைப் பாய் இழுத்து வந்தார்.

"வா பாண்டி, காத்தாட மிதிச்சிட்டு வருவோம். பெட்டி எங்கேயும் ஓடிப்போவாது."

மலையடிவாரத்தில் பிக்கப்பை நிறுத்திவிட்டுச் சைக்கிளில் போனோம். வறண்ட ஓடைப் பாதை, சரளைக் கல், முள்மரம், அவ்வப்போது ஓர் ஆடு. கோட்டை ஒரு மேட்டின் மேல் தனியாக இருந்தது. மண் நிறச் சுவரும் ஒரே ஒரு வட்டக் கோபுரமும். பெரிய மரக்கதவுக்குள் குனிந்து நுழைகிற அளவில் ஒரு சின்னக் கதவு. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜிக்.

"தமிழா? நல்லது. பாருங்க, பொழுது சாயிற மஃரிப் பாங்குக்கு முன்ன வெளிய வந்துருங்க. பாங்கு சொன்னா பூட்டிருவன்" என்றான். "இருட்டினா நானும் உள்ள போறதில்ல."

"பேய் இருக்கோ?" என்றார் பாய்.

ராஜிக் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

பாய் படம் எடுக்க மதில் மேல் ஏறினார். நானும் வீரபாண்டியும் கோபுரப் படிகளில் ஏறினோம். உள்ளே வௌவால் நாற்றம். அதற்கு அடியில் வேறொன்று, ஈரச் சாக்கும் வியர்வையும் கலந்தது போல. அந்தப் பாலைவனத்தில் ஈரம் எங்கிருந்து வரும்?

கோபுரத்தின் கீழ் அறைக்கு வாசலே இல்லை. மேல் அறைத் தரையின் நடுவில் ஓர் ஆள் இறங்குகிற அளவு வட்ட ஓட்டை. அதன் மேல் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

வீரபாண்டி சிரித்தான். "மாப்ள, நம்ம மேன்ஹோலுடா!"

அவன் வேலையைச் சொல்ல வேண்டும். ரிஃபைனரியில் பெரிய தொட்டிகளுக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும்போது, மேலே துவாரத்தின் அருகே ஒருவன் உட்கார்ந்திருப்பான். ஹோல் வாட்ச் என்பார்கள். உள்ளே இருப்பவன் மயங்கினால் கத்துவது, ஆள் கூப்பிடுவது, அவ்வளவுதான் வேலை. இரும்பில் இரண்டு தட்டு தட்டினால், நல்லா இருக்கியா என்று அர்த்தம். உள்ளே இருப்பவன் இரண்டு தட்டினால், இருக்கேன். விடாமல் தட்டினால், என்னை வெளியே எடு. ரிலீவர் என்கிற மாற்று ஆள் வராமல் ஹோல் வாட்ச் எழுந்து போகக்கூடாது. மூத்திரம் வந்தாலும் கூடாது.

நானும் அங்கே அதே வேலை பார்த்தவன், நைட் ஷிப்டில். ஒரு நாள், இனிப் போதும் என்று தோன்றியது, விட்டுவிட்டு வந்தேன். வீரபாண்டி அப்படி இல்லை. அவன் எழுந்து போய் யாரும் பார்த்ததில்லை.

சட்டைப் பையிலிருந்து சைக்கிள் ஸ்பேனரை எடுத்து, விளையாட்டாக, கம்பியில் இரண்டு முறை தட்டினான்.

கீழேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

"எதிரொலிடா" என்றேன்.

அவன் ஒரு முறை மட்டும் தட்டினான்.

கீழேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

போனில் டார்ச்சைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். வெறும் மண் தரை. வட்டச் சுவர் முழுக்கக் கரடுமுரடான கல். ஒரே ஓர் இடத்தில், உட்கார்ந்திருக்கும் ஆளின் கை எட்டுகிற உயரத்தில், கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்திலிருந்து சத்தம் வந்தது.

டக். டக்.

வெளிச்சம் நேராக அதன் மேல்தான் விழுந்திருந்தது. தட்டுகிற கை மட்டும் இல்லை.

நான் சுவர் வரை பின்னால் நகர்ந்துவிட்டேன். வீரபாண்டி நகரவில்லை. ஓட்டையின் அருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"உள்ள ஆள் இருக்கான்டா" என்றான் மெதுவாக.

சத்தம் கேட்டு ராஜிக் படியேறி வந்தான். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைக்கவில்லை.

"தட்டினீங்களா?"

அவன் பார்வை வீரபாண்டியின் கையிலிருந்த ஸ்பேனருக்குப் போனது.

"ஏன் தட்டினீங்க? அது எப்பயும் தட்டும். நாங்க கேக்காத மாதிரி போயிருவம். பதில் குடுத்தா மேல ஆள் இருக்கு எண்டு நெனச்சிரும்." குரலை இன்னும் தாழ்த்தினான். "முந்தி ஆக்கள இதுக்குள்ள கயித்துல இறக்கி அடைச்சு வைப்பாங்களாம். ஒரு நாள் மேல காவலுக்கு இருந்தவன் எழும்பிப் போயிட்டான் எண்டு சொல்றாங்க. திரும்பி வரல்லயாம்."

கயிறு இல்லாமல் கீழே கிடந்தவனுக்கு என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை.

பாயும் வந்து சேர்ந்தார். தட்டும் சத்தத்தைக் கேட்டதும் அவர் உதடுகள் ஓதத் தொடங்கின. நானும் பாயும் வீரபாண்டியின் தோளைப் பிடித்து இழுத்தோம். கல்லை இழுப்பது போல இருந்தது.

"பாண்டி, நாளைக்கு பிளைட்டுடா. புள்ளைய பாக்க வேண்டாமா?"

"பாக்கணும் பாய். ஆளு வரட்டும், எந்திரிக்கிறேன்."

"எந்த ஆளு?"

"ரிலீவர்."

அவன் கண்ணில் மயக்கம் எதுவும் இல்லை. வேலை நேரத்தில் எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் பார்த்தான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கீழே பள்ளத்தாக்கில் பாங்கு சொன்னார்கள். சுவர்கள் சாம்பல் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பாயையும் ராஜிக்கையும் வெளியே போகச் சொன்னேன். அவர்கள் இறங்கியதும் வீரபாண்டியின் எதிரே குந்தி உட்கார்ந்து, ஷிப்ட் மாற்றும்போது கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"உள்ள எத்தன பேரு?"

அவன் முகம் தெளிந்தது. "ஒருத்தன்."

"பேரு?"

"கேட்டேன் மாப்ள. தட்டுறான், பேச மாட்டேங்கிறான்."

"சரி. நான் பாத்துக்கிறேன். நீ கிளம்பு."

"அடுத்த ஆள் வர்ற வரைக்கும் இருப்பியா?"

"இருப்பேன்."

"நீ நைட் ஷிப்டையே விட்டுட்டு ஓடியாந்த பய."

"இருப்பேன்டா. போ."

ஸ்பேனரை என் கையில் வைத்தான். படியில் அவன் காலடி இறங்கிப் போனது. முற்றத்தைக் கடந்தது. சின்னக் கதவு கிரீச்சிட்டது.

போய்விட்டான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சும்மா இருந்திருக்கலாம். கை தானாக இரண்டு முறை தட்டியது.

பதில் சுவரிலிருந்து வரவில்லை. நான் தட்டிய அதே கம்பியில், அடிப்பக்கத்திலிருந்து வந்தது.

ஈரச் சாக்கு நாற்றம் முகத்தில் மூச்சு போலப் பட்டது.

ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வெளியே வீரபாண்டி சைக்கிளைப் பிடித்தபடி வீடியோ காலில் இருந்தான். திரையில் அவன் மனைவி பானுப்பிரியா, அவள் மடியில் குழந்தை. "நாளைக்கு அப்பா வந்துருவேன்டா தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், கதவில் குனிந்து வெளியே வந்த என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"மேல யாருடா?"

"ராஜிக்" என்றேன்.

"நான் இஞ்ச நிக்கிறன்" என்றான் ராஜிக். என் பக்கத்தில், பூட்டும் சாவியும் கையில் வைத்துக்கொண்டு.

அப்போது கோபுரத்தில் இரும்பு இரும்பில் மோதியது. இரண்டு தட்டு இல்லை. விடாமல். கம்பியைப் பிய்த்துவிடுவது போல.

பாய் காதைப் பொத்திக்கொண்டார். வீரபாண்டி போனை அவர் கையில் திணித்தான். திரையில் குழந்தை அப்பா, அப்பா என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தது.

"போவாத பாண்டி!" என் விரல்கள் அவன் சட்டையைப் பிடித்தன. அவன் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான். கோபமே இல்லை.

"ரிலீவர் ஓடிட்டா, முன்னாடி இருந்தவன் திரும்பிப் போவணும். உனக்குத் தெரியாதாடா?"

குனிந்து உள்ளே போனான்.

இரும்புச் சத்தம் நின்றது.

சின்னக் கதவு மெதுவாக, யாரோ நிதானமாகச் சாத்துவது போல, மூடிக்கொண்டது. நான் தோளால் இடித்தேன். பாயும் இடித்தார். மரத்தின் மறுபக்கம் கனமான கட்டை ஒன்று இழுபட்டு, தொளையில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

ராஜிக் கையிலிருந்த பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்ல" என்றான்.