சரியாக நூறு

காய்ச்சல் குறையவில்லை என்று தெரிந்ததும் கணவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சரியா நூறு," என்று தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் போட்டார். "அப்படியே படுத்திரு. நான் இருக்கேன்ல?"

"ஒரு மாத்திரை போட்டுக்கட்டுமா?"

"எதுக்கு? அது சூட்டைக் குறைச்சிடும்."

சொல்லிவிட்டு உடனே சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிற மனுஷனிடம் போய் என்னத்தைக் கேட்பது?

இத்தனைக்கும் இந்த வீட்டில் அவள் தாங்கப்பட்டவளே இல்லை. தலைவலி என்றால், "தைலம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்கிற ஆள் அவர். ஃபேன், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தார். வீட்டிலும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டுதான் இருப்பார். போன மாதம் அதிசயமாக ஒன்றைக் கட்டினார். தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஓரத்தில் தெர்மாமீட்டர். முள் நூறைத் தாண்டினால் மூடியைத் திறப்பார், இறங்கினால் மூடுவார். அவ்வளவுதான் யந்திரம். முட்டை கொடுத்தது கோழி வளர்க்கிற அவள் அக்கா. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு, வேளை தவறாமல் திருப்பி வைத்தார். ஒரே பக்கமாகக் கிடந்தால் உள்ளே இருப்பது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். கடைசியில் மட்டும் திருப்பவே கூடாதாம், மூடியையும் திறக்கக்கூடாதாம்; வெளியே வரும் வழியை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். ஜன்னலைச் சாத்திவிட்டு, முட்டையை டார்ச்சில் வைத்து, "நரம்பு ஓடியிருக்கு பாரு!" என்று குதிப்பார். கட்டின மனைவியை அவர் ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருப்பாரா?

ஒரு நாள் பல்பு பியூஸ் போனது யாருக்கும் தெரியவில்லை. பெட்டிக்குள் எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. "ஆம்லெட் போட்டிருந்தா வயித்துக்காவது ஆகியிருக்கும்," என்று அவள் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது. அவர் கோபப்படவில்லை. அக்கா துணியில் சுற்றி, "இது மட்டும் தனி, பத்திரம்," என்று கொடுத்த ஒரு முட்டை மிச்சம் இருந்தது. அதைச் சூடான பாலில் உடைத்து ஊற்றி அவரே கொண்டுவந்து நீட்டினார். "குடி, தெம்பா இருக்கும்." ஏதோ கட்டியாகத் தொண்டையில் இறங்கியது. பாலாடை என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளே காய்ச்சல்.

அன்றிலிருந்துதான் இந்தத் தாங்கல். காற்று காயக்கூடாது என்று கட்டில் தலைமாட்டில் ஈரத்துணி தொங்கியது, ஜன்னல் இடுக்கில் எல்லாம் பஞ்சு அடைத்திருந்தது, அறை முழுக்க நனைந்த சாக்கின் வாடை, அந்த வாடைக்கு அடியில் தவிடும் இறகும் ஊறின மாதிரி இன்னொரு வாடை. காலை, மதியம், மாலை என்று அவர் வந்து, தோளையும் இடுப்பையும் பிடித்து, பூப்போல அவளைப் புரட்டிப் படுக்க வைப்பார். "ஒரே பக்கமா படுக்கக்கூடாதும்மா." அந்த ஒரு 'ம்மா'வுக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பாள்! சந்தோஷத்தில் தலையணை நனைய அழுதாள். இந்தக் காய்ச்சல் போகவே வேண்டாம் என்றுகூட வேண்டிக்கொண்டாள், பைத்தியக்காரி.

இன்று மதியம் அவர் கடைக்குப் போன பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு நடந்தாள். உடம்பைத் துடைக்க நைட்டியைத் தூக்கினாள்.

தொப்புளுக்கு மேலே ஒரு பென்சில் கோடு. அதன் குறுக்கே இன்னொன்று.

பெருக்கல் குறி.

ஈரத்துணியால் தேய்த்தாள். பாதிதான் போனது. திரும்பி நின்று, கழுத்தை வளைத்து, கண்ணாடியில் முதுகைப் பார்த்தாள்.

வட்டம்.

நூறு. ஈரத்துணி. ஒரே பக்கமா படுக்கக்கூடாதும்மா. அடப்பாவி! அந்த 'ம்மா' ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடவில்லை.

வாசல் கதவு திறக்கும் சத்தம். அக்காவின் குரல். கடவுளே, அக்கா! விழுந்தடித்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, என்னைக் கூட்டிட்டுப் போயிடு. அவர் என்னை என்ன பண்ணியிருக்காரு பாரு." வயிற்றைத் திறந்து காட்டினாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். "அடடா, கலைச்சிட்டியேடி."

கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். முனையை நாக்கில் தொட்டு, அழிந்த கோட்டின் மேல் நிதானமாக இழுத்தாள். சின்ன வயதில் அவள் கையைப் பிடித்து எழுதப் பழக்கினதும் இதே அக்காதான்.

"அக்கா... நான் உன் தங்கச்சிக்கா."

"தெரியும்டி. அதான் உன்கிட்ட வெச்சோம். வேற யாரை நம்பறது?"

பின்னாலேயே கட்டின புருஷன் வந்து நின்றான். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார்கள். உதைத்துப் பார்த்தாள். காலில் வலுவில்லை. ஜன்னலைச் சாத்தினான். டார்ச்சை வயிற்றில் அழுத்தினான். தோல் முழுக்கச் சிவப்பாக எரிந்தது. அந்தச் சிவப்பில் இரண்டு முகங்கள், வாயெல்லாம் பல்.

"நரம்பு ஓடியிருக்கு," என்றான்.

"கண்ணு தெரியுதே," என்றாள் அக்கா. "இனிமே திருப்ப வேண்டாம். மூடிடலாம்."

கதவைச் சாத்தினார்கள். வெளியே தாழ்ப்பாள்.

இருட்டு. ஈரம். அவர்கள் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது.

கத்த வாயைத் திறந்தாள்.

டொக்.

உள்ளேயிருந்து.

டொக். டொக்.

கையை வயிற்றில் வைத்தாள். வெளியே அக்கா, கோழிகளைத் தீவனத்துக்குக் கூப்பிடுகிற அதே செல்லக் குரலில் ஆரம்பித்தாள்.

"பா... பா... பா..."

கீச்.

விரல்களுக்கு அடியில், நடுவிலிருந்து, பென்சில் கோட்டின் மேலேயே, தோல் விரியத் தொடங்கியது.