ஏட்டு வெளியே போனபோது

"என் கடைக்கு சீல் வெச்சுட்டாங்க சாமி. என் கூழு ஆளைக் கொல்லுதாம். பேப்பர்லயே போட்டுட்டாங்களாம்."

கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில் மாறித் திருவள்ளூர் வந்த முத்தம்மாள் மூச்சு வாங்க நின்றாள். துப்பறிவாளர் பராசரன் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

1970ஆம் வருஷக் கோடை. நாடு நாடாகச் சுற்றிவந்த காலரா கும்மிடிப்பூண்டிக்கும் வந்திருந்தது. அங்கே இரும்பு வார்க்கும் பட்டறையில் ஏழு பேர் விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். சென்னையிலிருந்து வந்த கிருமி நிபுணர் டாக்டர் சுப்பராயன், பட்டறை வாசலில் முத்தம்மாள் விற்கும் புளித்த கேழ்வரகுக் கூழ்தான் காரணம் என்று அறிக்கை விட்டார். வெளிநாட்டில் படித்தவர், ரேடியோவில் பேசுகிறவர். எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

"இப்பவே போலாம் சார். அந்த டாக்டரை நேரா கேட்டுடலாம்!" என்று உதவியாளன் தானியேல் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"முதலில் இந்த அம்மாவைக் கேட்போம்," என்றார் பராசரன். "அந்தக் கூழை வேறு யார் குடித்தார்கள்?"

"பட்டறையில மண்ணு சுமக்கற பொம்பளைங்க அத்தினி பேரும். நானும் என் புள்ளைங்களும் சட்டியை வழிச்சுக் குடிச்சோம். எங்களுக்கு இன்னா கேடு? கல்லு மாதிரி நிக்கிறேன், பாரு!"

"பெண்களில் யாருக்கும் நோய் இல்லையா?"

"ஒருத்திக்கும் இல்ல."

பராசரன் குடையை எடுத்துக்கொண்டார்.

முத்தம்மாளோடு அவர்கள் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர் சுப்பராயன் இருந்தார். பக்கத்தில், அவர் போகுமிடமெல்லாம் துணைக்கு வரும் போலீஸ் ஏட்டு வரதன்.

"ஏழு பேரையும் நானே விசாரித்தேன்," என்றார் டாக்டர். "வெளியே வேறு எதுவும் சாப்பிடவில்லை, கூழ் மட்டும்தான் என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?"

"புளித்த கூழில் காலராக் கிருமி பிழைக்குமா?"

டாக்டர் தயங்கினார். "புளிப்பில் சீக்கிரம் சாகும். அவள் கெட்ட தண்ணீர் கலந்திருப்பாள்."

"அதே தண்ணீரைப் பெண்களும் குடித்தார்களே. சட்டியைச் சோதித்தீர்களா?"

"சுகாதார ஆட்கள் அதற்குள் சட்டியை உடைத்துவிட்டார்கள்."

"அப்படியானால் நீங்கள் சோதித்தது ஏழு பேரின் பேச்சை மட்டும்தான்."

அந்த நேரத்தில் தானியேல் பாய்ந்து வந்தான். யேசுதாஸ் என்ற நோயாளியின் சட்டை கட்டில் கம்பியில் தொங்கியது. அதன் பையிலிருந்து விழுந்த பஸ் டிக்கெட் அவன் கையில் இருந்தது.

"சார், இதுல எழுத்து பூரா தெலுங்கு!"

பராசரன் அதைப் பார்த்தார், யேசுதாஸைப் பார்த்தார், பிறகு ஏட்டைப் பார்த்தார்.

"ஏட்டு, கொஞ்சம் வெளியே நிற்கிறீர்களா?"

"நான் எதுக்கு சார் வெளியே?" என்று முனகிக்கொண்டே வரதன் போனார். கட்டில்களில் ஏழு பேரில் மிஞ்சியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டாக்டர், உங்கள் கேள்வி சரி. கேட்ட விதம் தவறு," என்றார் பராசரன். "தமிழ்நாட்டில் மதுவிலக்கு. ஆந்திர எல்லை தாண்டினால் தடாவில் சாராயக்கடை திறந்திருக்கிறது. போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, குடிக்கப் போனேன் என்று எவன் சொல்வான்? ஜெயில் ஒரு பயம், பட்டறை வேலை போகும் என்பது இன்னொரு பயம். வாயில் வந்தது கூழ். பெண்கள் தடாவுக்குப் போகவில்லை; அவர்களுக்கு நோயும் இல்லை."

"இது ஊகம்," என்றார் டாக்டர்.

பராசரன் யேசுதாஸின் கட்டிலருகே உட்கார்ந்தார். "நாளைக்கு மறுபடி வாரக்கூலி. உன் தம்பிக்கும் இதே பட்டறைதான் என்று இந்த அம்மா வழியில் சொன்னார். அவனும் அந்த பஸ்ஸில் ஏறுவானா?"

யேசுதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"டேய் நைனா," என்றாள் முத்தம்மாள். "காசு இல்லாத நாள்ல உனக்குக் கூழு ஊத்தினவ நானு. என் பேரைச் சொல்ல உனக்கு எப்படிடா வாய் வந்துச்சு?"

"பயந்துட்டேன்க்கா," என்றான் அவன். "கூலி வாங்கினு ஏழு பேரும் தடா போனோம். குடிச்சப்புறம் தாகம். கடைக்காரன் கடைக்குப் பின்னால இருக்கற குட்டைத் தண்ணியைப் பானையில வெச்சிருந்தான். மொண்டு மொண்டு குடிச்சோம்." திணறி எழுந்து உட்கார்ந்தான். "ஏட்டைக் கூப்பிடுங்க சார். அவரு முன்னாடியும் சொல்றேன். எந்தம்பி அங்க போவக் கூடாது."

ஏட்டு உள்ளே வந்தார். யேசுதாஸ் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னான். வரதன் வழக்குப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் ஏட்டின் பக்கம் திரும்பினார். "தடாவுக்கு உடனே தந்தி கொடுங்கள். அந்தப் பானையை உடைக்கவேண்டாம், தண்ணீர் எனக்கு வேண்டும்," என்றார். பிறகு முத்தம்மாளிடம், "நான் சொன்னது தவறு என்று பத்திரிகையில் போடச் சொல்கிறேன்," என்றார்.

"பேப்பரு எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. என் கடைக்கு வர்றவங்களுக்கும் தெரியாது. நீயே வந்து, எல்லாரும் பாக்க, சீலைப் பிரி."

மறுநாள் காலை, பட்டறைச் சங்கு ஊதும் நேரத்தில் டாக்டர் வந்தார். மண் சுமக்கும் பெண்கள் கூடையோடு சுற்றி நின்றார்கள். பூட்டின்மேல் இறுகிய அரக்கை அவர் நகத்தால் பெயர்க்கப் பார்த்தார், வரவில்லை.

முத்தம்மாள் இடுப்பில் செருகியிருந்த கருவாடு அரியும் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.