கெர்ட்டியும் மிஸ்டர் கிரிம்ஷாவின் தக்காளியும்

டில்டாவின் வீட்டில் ஒரு கார் இருந்தது. மூன்று வருடமாக இருந்தது. ஒரு நாள்கூட ஓடியதில்லை.

வந்த அன்றைக்கே அது ஓடி வரவில்லை. ஒரு பண்ணையின் பின்புறம் முட்செடிகளுக்கு நடுவே கிடந்ததை, டில்டாவின் அம்மா ரோவீனா வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அதற்குக் கதவு கிடையாது, ஏறிக் குதித்துத்தான் உட்கார வேண்டும். கூரையும் கிடையாது. உடம்பெல்லாம் பச்சைப் பாசி. இருக்கைக்குள் ஓர் எலிக் குடும்பம் சௌக்கியமாக வசித்து வந்தது.

"இது என்ன காரும்மா?" என்று கேட்டாள் டில்டா. அப்போது அவளுக்கு ஏழு வயது.

"இது வீட்லயே பாகங்களைச் சேத்துப் பூட்டிக்கிற கார். அந்தக் காலத்துல பாகம் பாகமா விப்பாங்க. அடியில இருக்கிற சட்டமும் எஞ்சினும் வேற ஒரு பழைய காரோடது. மேல இருக்கிற உடம்பு மட்டும் கண்ணாடியிழை, அதாவது ஃபைபர்கிளாஸ். தட்டிப் பாரு."

டில்டா தட்டிப் பார்த்தாள். தகரம் போல டங்கென்று ஒலிக்கவில்லை. டொக் என்றது.

"பக்கெட் மாதிரி இருக்கே!"

"பக்கெட்டுன்னு சொன்னா கோவிச்சுக்குவா. இவ பேரு கெர்ட்டி" என்றார் அம்மா. எலிகளை ஒரு பெட்டியில் பத்திரமாக மாற்றிவிட்டு, அன்று மாலையே வேலையைத் தொடங்கினார்.

ரோவீனாவுக்கு ஹாலிஃபாக்ஸ் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. பஸ் உள்ளே நுழையும் சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பகலெல்லாம் பஸ்ஸோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு, மறுபடியும் கராஜுக்குள் போய்விடுவார். சலிப்பே இல்லாமல் ஒருவரால் இப்படி வேலை செய்ய முடியுமா என்று டில்டாவுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கெர்ட்டியின் உடம்பில் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள் ஓடின. அம்மா அவற்றை எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று.

"மேல பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடுமேம்மா?"

"மறையும். அடுத்த குளிருக்கு எட்டிப் பாக்கும்" என்றார் அம்மா. நாற்பத்தொரு விரிசலையும் ஒவ்வொன்றாகத் தோண்டி, புது இழை வைத்து, பிசின் தடவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தேய்த்து முடித்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள் டில்டா. விரிசல் எங்கே இருந்தது என்று விரலுக்குத் தெரியவே இல்லை. எங்கம்மா மாதிரி யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

குளிர்காலத்தில் பிசின் சீக்கிரம் இறுகாது. அதனால் பிசின் டப்பா, வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் துண்டுகளோடு சேர்ந்து கதகதப்பாகக் குடியிருந்தது. டில்டாவின் பள்ளிச் சீருடையும் அங்கேதான் காயும், பிசின் வாடை அதில் ஏறிவிடும். "வகுப்புல யாரு நகப் பாலிஷ் போட்டிருக்கீங்க?" என்று ஆசிரியை இரண்டு முறை கேட்டுவிட்டார்.

இந்த வசந்தத்தில்தான் பெரிய வேலை வந்தது. கெர்ட்டிக்குப் பின்னால் அகலமான சக்கரங்கள் போட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அகலச் சக்கரத்துக்கு அகல மட்கார்டு வேண்டும். அச்சு செய்து, இழைப் பாயை அடுக்கடுக்காகப் போட்டு, பிசினில் ஊற வைத்துச் செய்தார்கள். முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, வரி வரியாக இருக்கும் சின்ன உருளையால் காற்றுக் குமிழிகளை நசுக்கி வெளியேற்றுவது டில்டாவின் பொறுப்பு.

"ஒரு குமிழி உள்ள மாட்டிக்கிட்டாலும் அந்த இடம் வீக்காயிடும்" என்று அம்மா சொல்லியிருந்தார். டில்டா ஒன்றைக்கூட விடவில்லை. ஆறு வாரம் ஆனது. இரண்டு மட்கார்டுகளும் உடம்போடு உடம்பாகச் சேர்ந்து, ஆரஞ்சு பெயின்ட்டில் பளபளத்தன.

இதையெல்லாம் ரசிக்காத ஒரே ஆள் பக்கத்து வீட்டு மிஸ்டர் கிரிம்ஷாதான். அவருடைய கார் நிறுத்தும் கொட்டகையில் கார் இல்லை. காரை எப்போதோ விற்றுவிட்டு, அங்கே பெரிய பெரிய தொட்டிகளில் தக்காளி வளர்த்தார். அம்மா உப்புத்தாள் போடும்போது பறக்கும் வெள்ளைத் தூசி நேராக அவர் தக்காளிச் செடிகளின் மேல் போய் உட்காரும்.

"என்ன, இன்னும் ஓடலையா?" என்று தினமும் வேலிக்கு மேலே எட்டிக் கேட்பார்.

"சீக்கிரம் ஓடும், மிஸ்டர் கிரிம்ஷா."

"ஓடும், ஓடும். என் தக்காளி எந்திரிச்சு நடக்கிற அன்னைக்கு ஓடும்!"

டில்டாவுக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் செடிகளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும். சனிக்கிழமைகளில் மிஸ்டர் கிரிம்ஷா கடைக்குப் போகும் நேரத்தில், ஈரத் துணியோடு அந்தப் பக்கம் போய், இலை இலையாகத் துடைத்துவிட்டு வந்துவிடுவாள். இதை அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஒருவழியாக எஞ்சின் உறுமியது. விளக்குகள் எரிந்தன. பிரேக் பிடித்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கார் சாலையில் ஓடலாமா என்று பார்க்கும் தகுதிச் சோதனை. அதில் தேறினால், ஞாயிற்றுக்கிழமை ஸ்கார்பரோ கடற்கரையில், இப்படி வீட்டில் பூட்டிய கார்கள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை கூடும் விழாவுக்குப் போகலாம். அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை டில்டாவுக்கு என்று மூன்று வருடம் முன்பே முடிவாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஓடி வந்தாள். அம்மா கெர்ட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, மெதுவாகப் பின்னால் நகர்த்தினார். கராஜ் வாசலில் டில்டா நின்று கையை ஆட்டினாள்.

"வாங்க... வாங்க... வாங்க... நிறுத்துங்க!"

"என்னாச்சு?"

"அம்மா, மட்கார்டு."

அம்மா இறங்கி வந்து பார்த்தார். கராஜ் உள்ளே விசாலமாக இருந்தது. ஆனால் அதன் வாசல் பழைய காலத்து வாசல், இரண்டு பக்கமும் செங்கல் தூண். புது மட்கார்டுகள் ஒவ்வொரு பக்கமும் மூன்று விரல் அளவு வாசலைவிட அகலமாகத் தூணுக்கு நேரே நீண்டிருந்தன.

அம்மா இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு டேப்பைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார்.

"டயரை அளந்தேன். மட்கார்டை மில்லிமீட்டர் கணக்குல அளந்தேன். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக்கூட அளந்தேன்" என்றார். "இந்த வாசலை மட்டும் அளக்கல. ஒரு மெக்கானிக் செய்யற வேலையா இது?"

வேலிக்கு மேலே மிஸ்டர் கிரிம்ஷாவின் தலை தெரிந்தது. அவர் வாசலைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அதிசயமாகக் கிண்டல் செய்யவில்லை. தலை இறங்கிவிட்டது.

"தூணை இடிச்சிடலாமா?" என்றாள் டில்டா.

"வாடகை வீடு கண்ணு. ஒரு செங்கல்லைத் தொட்டாலும் நம்மள வெளிய அனுப்பிடுவாங்க." அம்மா எழுந்து சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்தார். "மட்கார்டை அறுத்துட வேண்டியதுதான். பழைய சக்கரத்தை மாட்டி, காலையில சோதனைக்கு எப்படியாவது கொண்டு போயிடறேன்."

"அம்மா, வேணாம்! ஆறு வாரம்மா! நான் ஒரு குமிழிகூட விடல!"

"தெரியும்டா." அம்மா ரம்பத்தை இறக்கவில்லை. டில்டா ரம்பத்துக்கு முன்னால் போய் நின்றாள். "அறுக்கிறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சுக்கலாம்" என்றாள் அவசரமாக. எப்படியாவது ரம்பத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட வேண்டும்.

சமையலறையில் இரண்டு கோப்பை தேநீரும் ஒரு தட்டு பிஸ்கட்டும் பெரிய மரத் தட்டத்தில் வைத்தாள். சர்ச் குலுக்கலில் பரிசாக விழுந்த தட்டம் அது, அநியாயத்துக்கு அகலம். பின்வாசலைப் பாதி அடைத்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டி நின்றது. எப்போதும் செய்வதைப் போலவே டில்டா கோப்பைகளையும் பிஸ்கட்டையும் எடுத்துப் படியில் வைத்தாள். வெறும் தட்டத்தைச் சாய்த்து வாசலுக்கு வெளியே கொண்டுபோனாள். வெளியே போய் அதை நேராக்கி, கோப்பைகளைத் திரும்ப அதன் மேல் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றாள்.

அடுத்த நொடி தட்டத்தைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினாள். "அம்மா! ரம்பத்தைக் கீழ வைங்க! கெர்ட்டி ஒரு தட்டம்!"

"என்னது?"

"எஞ்சினும் சக்கரமும் டீக்கோப்பை! அதைச் சாய்க்க முடியாது. ஆனா மேல இருக்கிற உடம்பு பக்கெட் மாதிரி லேசுதானே? அதை மட்டும் கழட்டி, சாய்ச்சு வெளிய தூக்கிட்டுப் போயிடலாம். அடிச்சட்டத்துக்குப் பழைய ஒல்லிச் சக்கரத்தை மாட்டி உருட்டிக்கலாம். வெளிய வெச்சு மறுபடியும் பூட்டிக்கலாம்!"

அம்மா ரம்பத்தைக் கீழே வைத்தார். கெர்ட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"பதினெட்டு போல்ட்டு. ஸ்டியரிங் தண்டு. ஒயர் எல்லாம் ஒரே பிளக்குல வர்ற மாதிரிதான் வெச்சிருக்கேன்" என்று முணுமுணுத்தார். சட்டென்று டில்டாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். "ஏய், நீ எங்கடி இருந்த இவ்வளவு நேரம்? தூக்க ஆறு பேர் வேணும். போ, ஆளைப் பிடி!"

எதிர்வீட்டு நர்ஸ் ஃபரீதா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே திரும்பி, "டேய், மூணு பேரும் டிவியை அணைச்சிட்டு வாங்கடா!" என்று தன் தம்பிகளை அழைத்தார். அம்மாவோடு சேர்த்து ஐந்து பேர். தெருவில் மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன.

இன்னும் ஒரு ஆள் வேண்டும். மிஸ்டர் கிரிம்ஷாவின் வீட்டு வாசலில் டில்டா தயங்கித் தயங்கி நின்றாள். தட்டுவதற்குக் கை தூக்கியபோதே கதவு திறந்தது. அவர் ஏற்கெனவே தோட்டக் கையுறை போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு" என்றார். "நட."

"உங்களுக்கு எங்க மேல கோபம்னு நெனச்சேன். தக்காளி மேல தூசி..."

"தூசியா? சனிக்கிழமை ஆனா என் செடி எல்லாம் குளிச்சிட்டு நிக்குது. ஒரு நாள் பர்ஸை மறந்துட்டுத் திரும்பி வந்தப்ப, யாரு குளிப்பாட்டறாங்கன்னு பாத்துட்டேன்." அவர் டில்டாவின் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

பதினெட்டு போல்ட்டுகளும் கழன்றன. பக்கத்துக்கு மூன்று பேராக நின்றார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றாள் டில்டா. கெர்ட்டியின் ஆரஞ்சு உடம்பு அடிச்சட்டத்தை விட்டு மேலே எழும்பியது.

"இவ்வளவுதானா கனம்?" என்றான் ஃபரீதாவின் கடைசித் தம்பி.

"பேசாம தூக்குடா, உன் பக்கம்தான் தாழுது!" என்றார் மிஸ்டர் கிரிம்ஷா.

"இடது பக்கம் மேல! இன்னும் மேல! மிஸ்டர் கிரிம்ஷா, நீங்க கொஞ்சம் குனியுங்க!" டில்டா சொல்லச் சொல்ல, உடம்பு ஒருக்களித்தது. ஒரு மட்கார்டு வானத்தைப் பார்த்தது, இன்னொன்று தரையைப் பார்த்தது. தூணில் ஒரு கீறல் இல்லை, பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. கெர்ட்டி மூன்று வருடத்தில் முதல் முறையாக வெயிலுக்கு வந்தாள்.

எல்லோரும் அவளைச் சுற்றி வந்து பார்த்தார்கள். கராஜ் இருட்டில் ஆரஞ்சாக இருந்தவள், வெயிலில் சுடர்விட்டாள். மிஸ்டர் கிரிம்ஷா கையுறையைக் கழற்றிவிட்டு மட்கார்டை மெதுவாகத் தடவினார்.

"இந்த மாதிரி வழவழப்பைக் கடையில காசு குடுத்தாலும் வாங்க முடியாது, ரோவீனா" என்றார்.

"குமிழி எடுத்தது அவ" என்று அம்மா டில்டாவைக் காட்டினார்.

கோடைகாலத்து மாலை நீளமானது. வெளிச்சம் மறைவதற்குள் அடிச்சட்டம் ஒல்லிச் சக்கரத்தில் உருண்டு வெளியே வந்தது, அகலச் சக்கரங்கள் திரும்ப ஏறின, பதினெட்டு போல்ட்டுகளும் திரும்பப் பூட்டப்பட்டன. அன்றிரவு மழை இல்லை. ஓட்டைத் தார்ப்பாய் ஒன்றைப் போர்த்திக்கொண்டு கெர்ட்டி தெருவிலேயே தூங்கினாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தெருமுனையில் ஹார்ன் சத்தம் கேட்டது. கெர்ட்டி வந்தாள். பக்கத்து இருக்கையில் டில்டா சான்றிதழைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபரீதா வாசலில் நின்று கைதட்டினார்.

அம்மா பழக்கதோஷத்தில் நேராகக் கராஜைப் பார்த்து ஓட்டினார். தூண் அருகே வந்ததும் படக்கென்று பிரேக்கை மிதித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வானத்தைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றுவிட்டது. மலைப் பக்கமிருந்து கன்னங்கரேலென்று மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கெர்ட்டிக்குக் கூரை கிடையாது. தார்ப்பாயில் ஏழு ஓட்டைகள். டில்டாவின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் கிரிம்ஷா நின்றார். அவர் கெர்ட்டியைப் பார்த்தார். தன் கொட்டகையைப் பார்த்தார். நல்ல உறுதியான கூரை, அகலமான திறந்த வாசல். அதன் கீழே வரிசையாகத் தக்காளித் தொட்டிகள். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

பிறகு இருப்பதிலேயே பெரிய தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். இலைகளுக்கு நடுவே அவர் முகம் மறைந்துவிட்டது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால், ஒரு தக்காளிச் செடி இரண்டு கால் முளைத்துத் தோட்டத்துக்கு நடந்து போவது போலவே இருந்தது.

டில்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆனால் அவளால் அடக்கவே முடியவில்லை.

"மிஸ்டர் கிரிம்ஷா! உங்க தக்காளி நடக்குது!"

செடி நின்றது. இலைகள் குலுங்கின. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"வாயாடி! அந்தச் சின்னத் தொட்டியை எடுத்துக்கிட்டு நீயும் பின்னாலயே நட!"